சர்வர் சுந்தரம் தோற்றுப் போனானா?

(வீரபாண்டியில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1964ஆம் ஆண்டு ஏ.வி.எம். தயாரிப்பில், கே.பாலசந்தர் எழுதி, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய படம் 'சர்வர் சுந்தரம்'. அதை எட்டாம் வகுப்புக்குத் திரையிட்டேன். நாகேஷ் நடிப்பைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முடிவில் சிரிப்பு நின்றது. ஓட்டல் சர்வர் புகழ்பெற்ற நடிகனாகிறான். ஆனால், விரும்பிய பெண் வேறொருவரை விரும்புகிறாள், தாயும் இறந்துபோகிறாள். நடிப்பை விட்டுவிட்டு மறுபடியும் சர்வராகவே போகிறான்.

"தோத்துட்டாரா சார்?" என்றான் ஒருவன். நான் வாய் திறக்குமுன் ஒரு மாணவி எழுந்தாள். "எங்கப்பாவும் கம்பத்துல சர்வர்தேன் சார். படிக்கலேன்னா டேபிள் துடைக்கத்தான் போகணும்னு போன வாரம் நீங்க சொன்னீங்கள்ல?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிள்ளைகளைப் படிக்க வைக்க, அவர்களின் பெற்றோர் செய்யும் வேலையையே பயமுறுத்தும் பொருளாக்கி இருக்கிறேன். வகுப்பின் முன்னிலையிலேயே அவளிடம் வருத்தம் தெரிவித்தேன்.

"அப்பா வேலையில் எது கடினம்னு கேட்டு வாம்மா" என்றேன். மறுநாள் வந்து சொன்னாள்: எழுதாமலே பல மேசைகளின் ஆர்டரை நினைவில் வைக்க வேண்டும், மனக்கணக்காகவே பில் தொகையைக் கூட்டிச் சொல்ல வேண்டும். அன்றைய கணக்குப் பாடத்தை அதிலிருந்தே தொடங்கினேன்.

ஒன்றில் கவனம் தேவை. சர்வரின் பிள்ளை சர்வராகவே இருக்கட்டும் என்று அந்த முடிவுக்குப் பொருள் கொள்ளக் கூடாது. சுந்தரத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்றை அவனே தேர்ந்தெடுத்தான். நம் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது வழியைத் திறப்பதுதான் கல்வி. முதல் வழியை இழிவுபடுத்தித்தான் அதைத் திறக்க வேண்டும் என்பதில்லை.

சித்திரைத் திருவிழாவில் கௌமாரியம்மன் கோயில் பக்கம் பாருங்கள். பந்தல் கட்டுபவர், ராட்டினம் பூட்டுபவர், ஒயர் இழுப்பவர் என்று எத்தனை கைகள்! அவர்களின் பிள்ளைகள்தாம் நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கிறார்கள்.

"படிக்கலேன்னா..." என்று தொடங்கும்போதெல்லாம் இப்போது அந்த மாணவியின் முகம் நினைவுக்கு வருகிறது. நிறுத்திக்கொள்கிறேன். "படிச்சா..." என்று தொடங்குகிறேன். நீங்களும் முயன்று பாருங்கள்.