யாரும் கிக்கரை உதைக்காதீங்க!

(நம் குடியிருப்பின் ஹாலில் நடந்த நினைவுக் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் உறுப்பினர் தன் தந்தையைப் பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம்.)

அப்பாவின் பெயர் உங்களில் பலருக்குத் தெரியாது என்பது, போன மாதம் துக்கம் விசாரிக்க வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பெரியவர்களுக்கு அவர் 'மெக்கானிக் சார்'. குழந்தைகளுக்கு 'டுர்ர் தாத்தா'. இரண்டுமே அவருக்குப் பிடித்த பெயர்கள்தான்.

சுதந்திரம் வந்த வருஷம் பிறந்தவர். "அதனாலதான் எனக்கு யாருகிட்டயும் கைகட்டி நிக்க வரல" என்பார். பதினாலு வயதில் புதுப்பேட்டையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து லாம்ப்ரெட்டாவில் தொழில் கற்றார். 1974-இல் சைதாப்பேட்டையில் தகரக் கூரை போட்டுச் சொந்தப் பட்டறை வைத்தார்.

அந்தக் காலத்தில் ஒரு பஜாஜ் சேடக் வேண்டுமென்றால் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படி வந்த வண்டி நின்றுபோனால், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாத மாதிரி முகத்தோடு தள்ளிக்கொண்டு வருவார்கள். அப்பா வண்டியைத் தொடவே மாட்டார். "சத்தம் எப்படி சார் வருது? வாயால செஞ்சு காட்டுங்க" என்பார். பேங்க் ஆபீசர், கோட்டு போட்ட வக்கீல், யாராக இருந்தாலும் நடுத்தெருவில் நின்று "கட கட, கீ...ச்" என்று கத்த வேண்டும். பட்டறையே சிரிக்கும், கடைசியில் அவரும் சிரித்துவிடுவார். வேடிக்கைக்குத்தான் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆனால் அந்தச் சத்தத்திலேயே அப்பாவுக்குப் பாதி விஷயம் பிடிபட்டுவிடும். புல்லட்காரர் "டிக் டிக்" என்றால் டாப்பெட். "கீச்" என்றால் பிரேக் ஷூ. மீதிப் பாதி, செலவு எவ்வளவு என்று சொல்வது. சிரித்த மனுஷனிடம்தான் அதைச் சொல்ல முடியும் என்பது அவர் கணக்கு.

கையில் காசில்லாதவர்களிடம் 'இலவசம்' என்று சொல்லவே மாட்டார். "கடன்தான் சார். வண்டி ஓடுற வரைக்கும் கடன். நின்னுட்டா கடன் தீந்துபோச்சு" என்பார்.

அவருடைய பழைய கணக்கு நோட்டை இப்போது எடுத்துப் பார்த்தேன். ஆள் பெயரே கிடையாது. 'பச்சை சேடக்', 'மீசை ராஜ்தூத்' என்றுதான் இருக்கிறது. ஒரு பக்கத்தில் 'லூனா டீச்சர்' என்று எழுதி, தொகை இருக்க வேண்டிய இடத்தில் 'பாப்பா - கணக்கு' என்று போட்டிருக்கிறார். அந்தப் பாப்பா நான்தான். மாதம் ஒருமுறை அந்த லூனாவின் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அதற்குப் பதிலாக டீச்சர் எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை டியூஷன் எடுத்தார். இன்று நான் ஆடிட்டராக இருப்பது அந்த லூனா அடிக்கடி மக்கர் பண்ணியதால்தான்.

என்னைப் பெண் பார்க்க முதலில் வந்த ஒரு குடும்பம் காபி குடிக்கும்போது அப்பாவின் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய், மரத்தூள், சோப்பு எதற்கும் போகாத கறுப்பு அது. அப்பா இரண்டு கையையும் நீட்டி, "மருதாணிங்க. ரொம்ப நல்லாப் பிடிச்சிருக்கு, பாருங்க" என்றார். அவர்கள் சிரிக்கவில்லை. அந்த இடம் அமையவும் இல்லை. அன்று ராத்திரி வெகுநேரம் கிணற்றடியில் அவர் கையைத் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. காலையில் வழக்கம்போல டுர்ர் என்று புல்லட் சத்தம் போட்டு என்னை எழுப்பினார். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

2015 டிசம்பர் உங்களுக்கு நினைவிருக்கும். அடையாறு நம் பார்க்கிங்கிற்குள் வந்து, வண்டியெல்லாம் ஹேண்டில்பார் வரை முழுகிக் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் ஓடிவந்து ஸ்டார்ட் செய்யப் போனோம். மாடிப்படியிலிருந்து அப்பா கத்தினார்: "யாரும் கிக்கரை உதைக்காதீங்க! செல்ஃபும் போடாதீங்க!" காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது இன்ஜினைச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதை அவர் சொல்லித்தான் நம்மில் பலருக்குத் தெரியும். அப்போது அவருக்கு 68 வயது. பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை வடித்து, ஒவ்வொரு வண்டியாக நான்கு நாள் பார்த்தார். உங்கள் பிள்ளைகள்தான் அவருக்கு எடுபிடி. தண்ணீர் கலந்து வெளுத்துப்போன ஆயிலைக் காட்டி, "டிகிரி காபி, யாருக்கு வேணும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் சோபாவும் பிரிட்ஜும் போய் நின்றிருந்த நமக்கு, அந்த நான்கு நாளும் சிரிக்க ஒரு இடம் இருந்தது.

2020-இல் பி.எஸ்.6 வந்ததும் பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டர் போய்விட்டது. அப்பாவிடம் வேலை கற்ற ஒருவர் போரூரில் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஸ்கேனரைக் கற்றுக்கொண்டார். "நாடி பிடிச்ச வைத்தியனை ஸ்கேன் சென்டர்ல உக்கார வச்சுட்டாங்க" என்பார். "அண்ணே, நீங்க கேட்டுச் சொல்லுங்க, நான் மிஷின்ல சரிபார்க்கிறேன்" என்றாராம் சிஷ்யர்.

ஆனால் அதற்குள் காது மந்தமாகிவிட்டது. அத்தனை வருஷ இன்ஜின் சத்தம். ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கேட்பார். கடைசி இரண்டு வருஷம் அதுவும் சரியாகக் கேட்கவில்லை. சாயங்காலம் உங்கள் குழந்தைகள் சுற்றி நின்று "தாத்தா, இது என்ன வண்டி?" என்று டுர்ர் சத்தம் போடுவார்களே, அப்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவர்கள் வாயசைவை. பாதிக்கு மேல் தப்பாகத்தான் சொன்னார். தாத்தா வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறார் என்று அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அது அவருக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

அவருடைய டூல்ஸ் பெட்டியை வாட்ச்மேன் ரூம் அருகே வைக்கக் கமிட்டி அனுமதி தந்திருக்கிறது, நன்றி. பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திரும்ப வைத்தால் போதும். அதில் 10-11 ரிங் ஸ்பேனர் மட்டும் வெள்ளத்தின்போதிலிருந்தே காணோம். அப்பா கடைசி வரை தேடிக்கொண்டிருந்தார். யார் வீட்டில் இருந்தாலும் ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டியில் போட்டுவிடுங்கள். யாரென்று கேட்க மாட்டேன்.