தோற்ற குழுவும் துணைப் பயிற்சியாளரும்



ஒரு கல்லூரியின் கால்பந்துக் குழு தொடர்ந்து தோற்கத் தொடங்கினால், மூன்றாவது தோல்விக்குப் பிறகு ஒரு குரல் எழுவதை நாம் கேட்கலாம். "துணைப் பயிற்சியாளரை மாற்றுங்கள்" என்பதே அக்குரல். விடுதியில் அதைப் பேசுவார்கள்; தேநீர்க் கடையில் பேசுவார்கள்; பிறகு விளையாட்டுக் குழுவின் கூட்டத்திலும் அது தீர்மானமாக வந்து நிற்கும். இக்குரலில் உண்மை எவ்வளவு, அவசரம் எவ்வளவு என்பதை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

தோல்வி வந்தவுடன் ஏன் துணைப் பயிற்சியாளரின்மேல் நம் கண் விழுகிறது? உடற்கல்வி இயக்குநர் நிலையான பதவியில் இருப்பவர். அவரை எளிதில் அசைக்க இயலாது. ஆட்டக்காரர்களோ மாணவர்கள், அவர்களை ஆண்டின் நடுவில் மாற்றிவிட முடியாது. மைதானத்தின் மேடு பள்ளத்தைச் சீர்செய்யப் பணம் வேண்டும். எஞ்சி நிற்பவர் துணைப் பயிற்சியாளர். பல இடங்களில் அவர் அக்கல்லூரியிலேயே படித்து ஆடிய பழைய மாணவர். குறைந்த ஊதியத்தில், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் பணியில் இருப்பவர். அவரை அனுப்புவதற்கு ஒரு தாள் போதும். ஆகவே, குற்றம் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குப் பதிலாக, எளிதில் மாற்றக்கூடியவர் யார் என்று நாம் தேடிவிடுகிறோம். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்னும் பழமொழியை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மணப்பாறையில் வாழும் எனக்கு இதை மாட்டைக்கொண்டு விளக்குவது எளிது. எங்கள் ஊரின் மாட்டுச் சந்தையைத் தமிழகம் நன்கறியும். அங்கே உழவர்கள் தனி மாட்டைப் பார்ப்பதைக் காட்டிலும் இணையைப் பார்ப்பதில்தான் மிகுந்த நேரம் செலவிடுவார்கள். உயரம் ஒத்திருக்கிறதா, நடை ஒத்திருக்கிறதா என்று நடத்திப் பார்ப்பார்கள். உழவு சரியாக ஓடவில்லை என்று ஒருவர் சொன்னால், அனுபவம் மிக்க பெரியவர், "முதலில் கலப்பையைப் பார்த்தாயா? நுகத்தைப் பார்த்தாயா? நிலத்தில் ஈரம் இருந்ததா?" என்றுதான் கேட்பார். மாடு கடைசிக் கேள்வி. ஏனெனில் இணையில் ஒன்றை மாற்றினால், புதிய மாடு பழைய மாட்டின் நடைக்குப் பழகும் வரையில் உழவு முன்னிலும் கெடும். அந்த இழப்பையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

பயிற்சியாளரும் துணைப் பயிற்சியாளரும் இத்தகைய இணையே. இதற்கு இங்கிலாந்தின் கால்பந்து வரலாறு தக்க சான்று தருகிறது. பிரையன் கிளஃப் என்பவர் புகழ்பெற்ற பயிற்சியாளர். அவருக்குத் துணையாக இருந்தவர் பீட்டர் டெய்லர். இருவரும் சேர்ந்து டெர்பி கவுண்டி என்னும் குழுவை இரண்டாம் பிரிவிலிருந்து உயர்த்தி, 1972ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீக் பட்டத்தை வெல்லச் செய்தார்கள். பேச்சாற்றலும் ஆட்டக்காரர்களை எழுச்சியுறச் செய்யும் திறமும் கிளஃபிடம் இருந்தன. எந்த ஆட்டக்காரரிடம் என்ன திறமை ஒளிந்திருக்கிறது என்று கண்டறியும் கண் டெய்லரிடம் இருந்தது.

1974ஆம் ஆண்டில் கிளஃப் லீட்ஸ் யுனைடெட் குழுவின் பொறுப்பை ஏற்றார். அக்குழு அப்போதுதான் லீக் பட்டத்தை வென்றிருந்தது. டெய்லர் அவருடன் செல்லவில்லை. பெரிய குழு, பெரிய பயிற்சியாளர். இருந்தும் 44 நாட்களில் கிளஃப் அங்கிருந்து விலக்கப்பட்டார். பின்னர் அவர் இரண்டாம் பிரிவில் இருந்த நாட்டிங்காம் ஃபாரஸ்ட் குழுவுக்குச் சென்றார். 1976இல் டெய்லர் மீண்டும் வந்து சேர்ந்தார். 1977இல் அக்குழு முதற் பிரிவுக்கு உயர்ந்தது. 1978இல் லீக் பட்டம். 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கோப்பை. லீட்ஸில் நேர்ந்த வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் டெய்லர் இல்லாமையின்மேல் ஏற்றுவது முறையன்று. எனினும் ஒன்று தெளிவாகிறது. துணைவர் என்பவர் தலைவரின் நிழல் அல்லர்; தலைவர் பாராத பக்கத்தைப் பார்ப்பதற்காக அமர்ந்தவர். அவரை நீக்கினால் அந்தப் பக்கத்தைப் பார்க்க யார் இருக்கிறார் என்று முதலில் கேட்க வேண்டும்.

"ஆயினும், ஆளை மாற்றிய பிறகு குழு வென்றதைக் கண்ணால் கண்டிருக்கிறோமே" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்கு விடை கணிதத்தில் இருக்கிறது.

உங்கள் வகுப்பில் மாதத் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற ஐந்து மாணவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுள் ஒருவருக்கு அன்று காய்ச்சல் இருந்திருக்கலாம். இன்னொருவர் படிக்காத பாடத்திலிருந்தே வினாக்கள் வந்திருக்கலாம். அடுத்த தேர்வில், யாரும் எதுவும் செய்யாமலேயே, அவ்வைவரின் சராசரி பெரும்பாலும் சற்று உயர்ந்துவிடும். ஏனெனில் மிகத் தாழ்ந்த மதிப்பெண்ணில் திறமைக் குறைவோடு துரதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. துரதிர்ஷ்டம் ஒவ்வொரு முறையும் அதே அளவில் வருவதில்லை. இதனைச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்பார்கள். பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு, 1886ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதியவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன்.

குழுவுக்கும் இது பொருந்தும். நாம் பயிற்சியாளரை மாற்றுவது எப்போது? குழு மிகவும் தாழ்ந்து கிடக்கும்போது. அதற்குப் பிறகு இயல்பாகவே வரக்கூடிய சிறிய ஏற்றத்தை மாற்றத்தின் பயன் என்று எண்ணிக்கொள்கிறோம். பாஸ் டெர் வீல் என்னும் பொருளாதார அறிஞர் 1986 முதல் 2004 வரையிலான நெதர்லாந்துக் கால்பந்து முடிவுகளை ஆராய்ந்தார். சரிவுற்றுப் பயிற்சியாளரை மாற்றிய குழுக்களை, அதே போலச் சரிவுற்றும் மாற்றாதிருந்த குழுக்களோடு அவர் ஒப்பிட்டார். மாற்றிய குழுக்கள் மீண்டும் எழுந்தன என்பது உண்மை. மாற்றாத குழுக்களும் அவ்வாறே எழுந்தன என்பதும் உண்மை!

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும் ஃபுட்பால் நம் கால்பந்து அன்று. கையால் எடுத்து ஓடும் வேறொரு ஆட்டம். ஆயினும் அங்கும் இதே சிக்கல் உண்டு. 1997 முதல் 2010 வரையிலான ஆட்டங்களை ஆராய்ந்த மூன்று அறிஞர்கள் 2013இல் தம் முடிவை வெளியிட்டார்கள். மிக மோசமாக ஆடிய குழுக்களுக்குப் பயிற்சியாளர் மாற்றத்தால் பெரிய பயன் விளையவில்லை. நடுத்தரமாக ஆடிய குழுக்களோ, மாற்றாதிருந்த தம் போன்ற குழுக்களைவிடப் பின்தங்கிவிட்டன. இவ்விரண்டு ஆய்வுகளும் தலைமைப் பயிற்சியாளரைப் பற்றியவை. தலைவரை மாற்றியே பயன் இவ்வளவுதான் என்றால், தலைவரின் போக்கை அப்படியே வைத்துக்கொண்டு துணைவரை மட்டும் மாற்றுவதில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் தோற்கும் குழு கைகட்டி இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. நம் நாட்டின் கால்பந்து வரலாற்றில் மிகச் சிறந்த பயிற்சியாளராகப் போற்றப்படும் சையத் அப்துல் ரஹீம் இதற்கு வழிகாட்டுகிறார். ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர் அவர். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று தோற்றது. குளிர்ந்த அந்நாட்டில் நம்மவருள் பலர் காலணி இன்றி ஆடினார்கள். அத்தோல்விக்குப் பின் காலணி அணிந்து ஆடுவது கட்டாயமாயிற்று. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில், ரஹீமின் பயிற்சியில், ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று இந்தியா அரையிறுதிக்குச் சென்றது. அங்கே எதிர்ப்பட்டது அதே யூகோஸ்லாவியா. முதல் கோலைப் போட்டது இந்தியா. முடிவில் 4-1 என்று தோற்றாலும், பத்துக் கோல் வாங்கிய நாடு நான்கே ஆண்டுகளில் எவ்வளவு தூரம் நடந்திருந்தது என்பது உலகுக்குத் தெரிந்தது.

ரஹீம் எதை மாற்றினார் என்பதைக் கவனியுங்கள். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வளைந்து நெளிந்து ஓடும் பழக்கம் நம் இளைஞர்களிடம் மிகுந்திருந்தது. அதனைப் போக்க, அவ்வாறு ஓடுவதையே தடைசெய்த போட்டிகளை அவர் நடத்தினார். வலுக்குறைந்த காலால் மட்டுமே பந்தை உதைக்கலாம் என்னும் விதியோடும் போட்டிகள் நடத்தினார். அன்றாடப் பயிற்சியின் வடிவத்தையே மாற்றினார் அவர்.

1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசியப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று நாம் தோற்றோம். அடுத்த ஆட்டத்தில் பின்காப்பு ஆட்டக்காரர் ஜர்னயில் சிங்குக்குத் தலையில் காயம் ஏற்பட்டது. ரஹீம் அவரை ஒதுக்கவில்லை; முன்வரிசையின் நடுவில் நிறுத்தினார். அரையிறுதியிலும் இறுதியிலும் ஜர்னயில் கோல் போட்டார். உடல்நலம் குன்றியிருந்த கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ் இறுதி ஆட்டத்துக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். செப்டம்பர் 4ஆம் நாள் அதே தென்கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. முதல் தோல்விக்கும் இறுதி வெற்றிக்கும் இடையே பத்து நாட்கள்கூட இல்லை. அதே பயிற்சியாளர், அதே குழு, வேலைப் பங்கீடு வேறு. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் ரஹீம் மறைந்தார். ஆசியப் போட்டியில் அதற்குப் பின் கால்பந்துத் தங்கம் நமக்குக் கிட்டவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியைப் பற்றியும் சொல்லுகிறேன், பெயர் வேண்டியதில்லை. அங்கே துணைப் பயிற்சியாளரை நீக்குவதற்கு முன் என் கருத்தைக் கேட்டார்கள். தோற்ற ஆட்டங்களின் குறிப்பேட்டைத் தரும்படி கேட்டேன். வாங்கிய கோல்களுள் பெரும்பாலானவை கடைசி இருபது நிமிடங்களில் விழுந்திருந்தன. மாணவர்களை விசாரித்தேன். அவர்களுள் பலர் மணப்பாறைப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து காலை ரயிலில் திருச்சிக்கு வருபவர்கள். வீட்டில் அடுப்பு எரியும் முன்பே புறப்பட்டுவிடுவார்கள். நண்பகலில் கிடைத்ததை உண்டுவிட்டு மாலையில் களம் இறங்குவார்கள். இளைத்த கால்கள் கடைசி இருபது நிமிடத்தில் எப்படி ஓடும்? இதனை அத்துணைப் பயிற்சியாளர் முன்னமே எழுதிக் கொடுத்திருந்தார். அத்தாள் மேசை இழுப்பறையில் உறங்கியது. அவரை அனுப்பியிருந்தால் குழுவின் நோயை அறிந்திருந்த ஒரே ஆளை அனுப்பியிருப்பார்கள். நல்ல வேளையாக, காலையில் அவித்த பயறும் வாழைப்பழமும் தர ஏற்பாடு செய்தார்கள். குழு கோப்பை எதையும் வென்றுவிடவில்லை. ஆனால் கடைசி இருபது நிமிடத்திலும் நின்று ஆடியது.

மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாணவரை இழிவாகப் பேசுபவர், அடிப்பவர், காயத்தை மறைத்து ஆடச் சொல்பவர், தேர்வில் வேண்டியவர் வேண்டாதவர் பார்ப்பவர் ஆகியோரை ஒரு நாளும் வைத்திருத்தல் கூடாது. அதற்குத் தோல்வி வரும் வரையில் காத்திருக்கவும் கூடாது. வெற்றி பெற்றுத் தந்தாலும் பொறுக்கக் கூடாது. அறியாமை வேறு, அதற்குக் கல்வி உண்டு. சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920ஆம் ஆண்டு முதலும், பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் 1961ஆம் ஆண்டு முதலும் இத்துறையில் ஆட்களைப் பயிற்றுவித்து வருகின்றன. அறியாதவரை விலக்குவதற்கு முன் கற்க அனுப்பலாமன்றோ?

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை குழுத் தலைவர்களாவீர்கள். சிலர் கல்லூரிக் குழுக்களிலும் அலுவலகங்களிலும் அமர்ந்து பிறரின் பணியைப் பற்றி முடிவு செய்வீர்கள். திருக்குறளில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். ஆராய்ந்து ஆளைத் தேர்தல் ஒன்று. தேர்ந்தவருக்கு உரிய வினையைக் கொடுத்தல் மற்றொன்று. ஒருவரை நீக்கும் தாளில் கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவருக்கு நாம் ஒப்படைத்த வேலை எது? தோல்வி அந்த வேலையிலிருந்து வந்ததா? அடுத்து வருபவருக்கு, இவருக்குக் கொடுக்காத எதை நாம் கொடுக்கப் போகிறோம்?

மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையென்றால், அடுத்த ஆண்டும் அதே கூட்டம் கூடும்; அதே தீர்மானம் வரும்; பெயர் மட்டும் மாறியிருக்கும்.