பிடிக்காத படங்கள்

ஓவியத்தில் எனக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று பேசும்படி கேட்டிருந்தார்கள். பிடித்ததைப் பற்றிப் பேசுவது இலகு. ஆனால் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்த நாளிலிருந்து நான் எந்த ஓவியக்கூடத்துக்கும் போகவில்லை. முதலில் நோய்ப் பயம்; 2022 இல் எரிபொருள் வரிசை; அதன் பின் முழங்கால். வவுனியாவிலிருந்து கொழும்புக்குப் புகையிரதத்தில் போய்வர உடம்பு இடம் தருவதில்லை. இந்த இடைவெளியில் என் ரசனைக்கு என்ன நேர்ந்தது என்பதையே நேயர்களுக்குச் சொல்லலாமென்று நினைக்கிறேன்.

எங்கள் தலைமுறையில் பலருக்கு முதல் ஓவியக்கூடம் வீட்டின் சுவாமி அறைதான். இரவிவர்மாவின் இலட்சுமியும் சரசுவதியும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தார்கள். கோவில்பட்டி கொண்டையராஜுவின் முருகன் கலண்டரில் வந்தார். வருடம் முடிந்தும் அவரை யாரும் கழற்றவில்லை. இவற்றை நான் இகழ மாட்டேன். இரவிவர்மாவின் சேலைச் சரிகையை இன்றைக்கும் ரசிக்கிறேன். ஆயினும் அச்சுப்படம் நமக்குச் சொல்வது பெரும்பாலும் இவ்வளவுதான்: இது யார், இது என்ன கதை. வர்ணம் எவ்வளவு தடிப்பாகப் பூசப்பட்டது, தூரிகை எந்தப் பக்கம் இழுபட்டது, படம் ஆளுயரமா உள்ளங்கையளவா என்பதெல்லாம் அச்சிலே தங்குவதில்லை.

இதை எனக்கு உணர்த்தியது கொழும்பு பார்ன்ஸ் பிளேசிலுள்ள ஒரு வீடு. ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. இலண்டனிலும் பாரிசிலும் பயின்று, சாந்திநிகேதனில் கற்பித்து, நாடு திரும்பியவர் அவர். 1943 இல் லயனல் வென்ட் முதலானோருடன் சேர்ந்து '43 குழு'வை அமைத்தவர்களில் ஒருவர். நண்பர்களின் படங்களைச் சேர்த்துவைத்து, சபுமல் மன்றம் என்ற பெயரில் வீட்டையே பொதுமக்களுக்கு விட்டுவிட்டு 1988 இல் காலமானார். கொழும்பில் உத்தியோகம் பார்த்த காலத்தில் மாதத்தில் ஒரு தடவையாவது அங்கே போவேன்.

நான் போனது ஐவன் பீரிசுக்காக. திரைப்பட நெறியாளர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசின் சகோதரர். வாழ்வின் பிற்பகுதி முழுவதையும் இங்கிலாந்தில், சவுத்எண்ட் என்ற கடலோரப் பட்டினத்தில் கழித்தவர். அங்கிருந்துகொண்டே நம் நாட்டுக் கடற்கரையை வரைந்துகொண்டிருந்தார். அசையாத மரங்கள், எதையோ பார்த்து நிற்கும் மனிதர்கள், பேச்சில்லாத வெளி. என் சுபாவத்துக்கு அது ஒத்துப்போயிற்று.

ஆனால் அது வீடல்லவா? நமக்கு வேண்டியவரிடம் நேரே போய்விட முடியாது. வழியில் ஜஸ்ரின் தெரணியகலவைக் கடக்க வேண்டும். அவரை எனக்குப் பிடிக்கவில்லை. திருகிய முகங்கள்; சேறு அப்பியதுபோல வர்ணம். பார்க்காமலே கடந்துவிடுவேன். எத்தனையாவது தடவை என்று நினைவில்லை, ஒருநாள் அந்தத் தடித்த வர்ணத்தின் முன் சற்று அதிகமாக நின்றுவிட்டு அப்பால் போனபோது, ஐவன் பீரிசின் மௌனம் எனக்கு மெலிந்து தெரிந்தது. மனம் துணுக்குற்றது. அதன் பிறகு இருவரையும் பார்க்கவே போனேன்.

ஜோர்ஜ் கீற்றுடன் எனக்குள்ள வழக்கு இன்னும் தீரவில்லை. பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் 1939, 40 ஆம் ஆண்டுகளில் அவர் வரைந்த புத்தர் சரிதத்தின் கோடுகளுக்கு இணையாக இந்நாட்டில் நான் வேறொன்றும் கண்டதில்லை. 1993 இல் மறையும்வரை அவர் வரைந்து குவித்த அகன்ற கண் பெண்கள் எனக்குச் சலிக்கிறார்கள். கீற்றின் அடியார்கள் கோபிக்கக்கூடாது. ஆனால் இந்த வழக்கை நடத்தப் படத்தின் முன் நிற்க வேண்டும். வீட்டிலிருந்தபடி தீர்ப்பு மட்டுமே சொல்லலாம்.

நம்மூர் மாற்கு விடயத்தில் எனக்கு அந்த வாய்ப்பே குறைவு. யாழ்ப்பாணத்தில் எத்தனையோ இளைஞருக்குத் தூரிகை பிடிக்கக் கற்பித்தவர். அவரைச் சிறப்பித்து 1987 இல் வெளியான 'தேடலும் படைப்புலகமும்' என் அலுமாரியில் இருக்கிறது. அவர் படங்களைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க ஒரு சுவர் எனக்குக் கிட்டவில்லை. ஓரிரு கண்காட்சிகளோடு சரி. ஆகவே அவரைப் பற்றிய என் அபிப்பிராயம் அன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. அது வளர்ந்ததுமில்லை, உடைந்ததுமில்லை. 2000 ஆம் ஆண்டில் மறைந்துவிட்ட ஒரு கலைஞனுக்கு இது நியாயமல்ல.

இந்த ஆண்டுகளில் பேரன்தான் எனக்குப் படங்கள் எடுத்துத் தருகிறான். ஐவன் பீரிஸ் கேட்டேன், தந்தான். இன்னும் கேட்டேன், இன்னும் தந்தான். இப்பொழுது அவனது கைத்தொலைபேசி நிறையக் கடற்கரை. எல்லாம் ஒரே அளவு, ஒரே மினுக்கம். பிடிக்காதது ஒன்றுமே வழியில் வராததை நான் கவனிக்கவே வெகுநாள் சென்றது.

சென்ற வாரம் தெரணியகலவின் படமொன்றைக் காட்டச் சொன்னேன். காட்டினான். விரலால் பெருப்பித்தும் காட்டினான். முகம் திருகித்தான் இருந்தது. வர்ணம் மட்டும் கண்ணாடிபோல வழுவழுவென்றிருந்தது. சேற்றைக் காணோம்.