ஜப்பான் பங்குகளும் நம் முதலும்
(கண்டனூரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஜப்பான் என்றதும் நம் குடும்பங்களில் இன்றும் 1942 ஆம் ஆண்டே நினைவுக்கு வரும். அவ்வாண்டில் ஜப்பானியப் படை பர்மாவுட் புகவே, நம்மவர் பலர் பெட்டகத்தையும் பேரேட்டையும் விட்டுக் கால்நடையாக ஊர் திரும்பினர். அத்தேசத்துக் கம்பெனிகளில் இன்று முதல் இடலாமோ என இளைஞர் சிலர் வினவுகின்றனர். அதற்கு விடை கூறவே இங்கு வந்து நின்றோம்.

நம் முன்னோர் நஷ்டம் கடல் கடந்ததனால் மாத்திரம் நேர்ந்ததன்று. 1930 ஆம் ஆண்டையொட்டிய மந்தத்தில் நெல்விலை வீழவே, கடன்பட்டோர் நிலத்தையே ஒப்புவித்தனர். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில், 1930 இல் நூற்றுக்கு 6 ஆக இருந்த நம்மவர் நிலம் 1938 இல் 25 ஆயிற்று. முதல் ஒரே தேசத்தில், ஒரே விளைபொருளில், எளிதில் விற்கவொண்ணாத மண்ணில் முடங்கிற்று. 1948 இல் நிலத்தைத் தேசவுடைமையாக்கும் சட்டமும் பிறந்தது.

நிற்க. பலர் இடும் சிறு தொகைகளைத் திரட்டிப் பலவிடத்தும் பரப்பும் இன்வெஸ்ட்மெண்ட் டிரஸ்ட் என்னும் ஸ்தாபனம் 1868 இல் லண்டனில் தோன்றியது. அதுவும் ஒரு கம்பெனியே ஆதலின், அதன் பங்கைச் சந்தையில் விற்றுப் பணமாக்கலாம். ஜப்பானியக் கம்பெனிகளுக்கெனவே அமைந்த டிரஸ்டுகள் லண்டன் பங்குச்சந்தையில் உள.

ஆயினும் அபாயங்கள் மூன்று. முதலாவது விலை. டோக்கியோவின் நிக்கேய் குறியெண் 1989 டிசம்பர் இறுதியில் 38,915 ஐ எட்டிப் பின் வீழ்ந்தது. அவ்வுயரத்தை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில். இடையே 34 ஆண்டுகள்! இரண்டாவது நாணயம். பங்கு ஏறினும், யென் மதிப்பு இறங்கின் லாபம் கரையும். மூன்றாவது, டிரஸ்டின் பங்கு அதன் சொத்து மதிப்பினும் கூடியும் குறைந்தும் விலைபோகும். கூடுதல் கொடுத்து வாங்கியவர், சந்தை தளருங்கால் இரு வழியாலும் இழப்பர்.

ஆதலின், பெண்மக்கள் சீர்ப்பணத்தையும், பிள்ளைகள் படிப்புக்கென வைத்த தொகையையும் இதில் இடுதல் ஆகாது. பத்தாண்டு தொடாதிருக்கக்கூடிய முதலில் ஒரு சிறு பாகமே போதும்.

அக்காலத்தில் கொண்டுவிக்கச் சென்ற மேலாள், மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் ஊருக்கு வந்து கணக்கொப்புவிப்பார். டிரஸ்டின் நிர்வாகியும் நமக்கு ஒரு மேலாளே. ஆண்டுதோறும் அவர் வெளியிடும் ஐந்தொகையில் இருப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என நாமே வாசித்தறிதல் வேண்டும். வாசிக்க நேரமில்லாதவர் அப்பணத்தை ஊரிலேயே வைத்திருத்தல் நலம்.