அரசுப் பணியாளரும் முறையீட்டு உரிமையும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வேலை பெறுவது எப்படி என்று இம்மேடையில் பலமுறை பேசியிருக்கின்றோம். பெற்ற வேலையில் அநீதி நேர்ந்தால் என்ன செய்வது என்று பேசியதில்லை. ஆகவே இத்தலைப்பை நானே கேட்டுப் பெற்றேன்.

1917ஆம் ஆண்டில், அமெரிக்காவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய அண்ணல் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தின் பணியில் சேர்ந்தார். தங்க இடம் கிடைக்காமல், பார்சி விடுதியொன்றில் தம்மை மறைத்துக்கொண்டு தங்கினார். அரசாங்க பங்களா ஒன்று வேண்டி மனுக் கொடுத்தார். அம்மனு ஓர் அதிகாரியிடமிருந்து மற்றோர் அதிகாரிக்குப் போய்க்கொண்டே இருந்தது. 11ஆம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை விடுதியிலிருந்து விரட்டிற்று. மனுவின்மேல் முடிவு வருமுன் அவர் பரோடாவை விட்டே நீங்கினார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் நினைவுக் குறிப்புகளில் இதனை அவரே எழுதி வைத்துள்ளார்.

அந்தப் பெருமகனார் வரைவுக் குழுவின் தலைவராயிருந்து உருவாக்கிய அரசியலமைப்பில் 311ஆம் பிரிவு இருக்கின்றது. நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்ட எவரும் ஓர் அரசு ஊழியரைப் பணியினின்று நீக்க இயலாது. குற்றச்சாட்டைத் தெரிவித்துத் தம் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்பும் அளித்தாக வேண்டும். சில விலக்குகள் உண்டெனினும், பொதுவிதி இதுவே. நமக்கு இந்தப் பாதுகாப்பு இருந்தும் அதனை எத்தனை பேர் பயன்படுத்துகின்றோம்?

நானே பயன்படுத்தவில்லை. 1984இல் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளனாக இருந்தேன். கோப்பு ஒன்று காணாமற் போயிற்று. அது என் மேசைக்கு வந்ததற்கே பதிவு இல்லை. ஆயினும் குறிப்பாணை எனக்கு வந்தது. 'செவன்டீன் ஏ' என்று அலுவலகங்களில் சொல்வோமே, அதுதான். "தம்பி, எழுத்தில் ஒன்றும் கொடுக்காதே, ஐயாவை வீட்டில் போய்ப் பார், முடிந்துவிடும்" என்றார் கண்காணிப்பாளர். போனேன். திண்ணைக்குக்கூட அழைக்கப்படாமல் வாசற்படிக்குக் கீழே நின்றேன். அவர் தலையசைத்தார், நானும் நம்பினேன். விளக்கம் கொடுக்க வேண்டிய நாள் கடந்தது. ஆறு மாத ஊதிய உயர்வு நிறுத்தம் என்று ஆணை வந்தது. எங்கள் சேரியில் அரசாங்க நாற்காலியில் அமர்ந்த முதல் பிள்ளை நான். வெட்கத்தால் தந்தையாரிடமும் சொல்லவில்லை. மேல்முறையீட்டுக்குரிய இரண்டு மாதங்களும் போயின. பதவி உயர்வுப் பட்டியல் வெளிவந்தபோது என் பெயர் இல்லை. எனக்கு இளையவர்கள் இருந்தார்கள்.

பின்னர் அக்கோப்பு வேறு பிரிவின் பீரோவில் கிடைத்தது. அதனைக் கையில் ஏந்திக்கொண்டு அதிகாரியிடம் ஓடினேன். "நீர் விளக்கமும் தரவில்லை, மேல்முறையீடும் செய்யவில்லையே" என்றார். விதி அவர் பக்கம் நின்றது. இன்றளவும் என்னை உறுத்துவது அந்தச் சொல்தான்.

இளைஞர்களே, 'ஏ' குறிப்பாணை சிறு தண்டனைக்குரியது. எழுத்து விளக்கமே அங்கு உங்கள் ஒரே வாய்ப்பு. 'பி' என்றால் பெருந்தண்டனைக்குரியது. விசாரணை அலுவலர் முன் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. விசாரணை அறிக்கையின் நகலைக் கேளுங்கள்; அதனைத் தராமல் தண்டிப்பது முறையன்று என உச்சநீதிமன்றம் 1990இல் ரம்சான் கான் வழக்கில் கூறிற்று. ஆண்டுக் குறிப்பேட்டில் எழுதப்படும் ஒவ்வொரு மதிப்பீட்டையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என 2008இல் தேவ் தத் வழக்கில் தீர்ப்பளித்தது. நம் பிள்ளைகளின் பதவி உயர்வு இரகசியமாகக் கெடுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான் என்பது என் அனுபவம்.

மத்திய அரசு ஊழியர்க்கு மேல்முறையீட்டுக் காலம் 45 நாள். அதன்பின் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கின்றது. துறைக்குள் உள்ள வழிகளை முதலில் முடித்துவிட்டு, ஓராண்டுக்குள் அங்கே செல்ல வேண்டும். மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம் விடையே வராவிட்டாலும் செல்லலாம். மாநில ஊழியர்க்கென 1988 முதல் இயங்கிய தீர்ப்பாயம் 2006இல் கலைக்கப்பட்டுவிட்டது. இன்று சென்னை உயர்நீதிமன்றமோ அதன் மதுரைக் கிளையோதான் கதி.

சாதியின் பொருட்டு இழைக்கப்பட்ட கொடுமையாயின், 338ஆம் பிரிவின்படி அமைந்த தேசிய ஆணையத்துக்கு எழுதலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் அதற்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. ஆனால் அதன் முடிவு பரிந்துரையே. ஆணையத்துக்கு எழுதிவிட்டோம் என்று மேல்முறையீட்டு நாளைத் தவறவிட்டவர்களை நான் அறிவேன். இரண்டையும் செய்யுங்கள்.

சங்கத் தலைவரிடம் சொல்வதில் தவறில்லை. ஆனால் சொல்வது மனு ஆகாது. உரிய வழியில் அனுப்புங்கள், நகலில் அலுவலக முத்திரையும் நாளும் பெறுங்கள். முத்திரையிட மறுத்தால், சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் அஞ்சலில் அனுப்புங்கள். உங்கள் கோப்பின் நகலைக் காட்ட மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் விடை தர வேண்டும்.

ஞாயிறுதோறும் காலையில் கழகத்தின் படிப்பகத்தில் இருப்பேன். குறிப்பாணை பெற்றவர்கள் அன்றே வாருங்கள். அது வந்த உறையையும் தூக்கி எறியாமல் கொண்டு வாருங்கள். அஞ்சல் முத்திரையின் நாள் அதில்தான் இருக்கும்.