சர்ச் இணையதளம்: சாவி யார் கையில்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கத்துக்கும் ஓர் இணையதளம் வேண்டும் என்று பேச்சு வந்திருக்கிறது. சர்ச் தளத்தைப் பார்த்துக்கொள்கிறவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். கோயிலுக்கோ மசூதிக்கோ போகிறவர்களும் கேளுங்கள், கதை ஒன்றுதான்.

வத்திக்கான் தன் தளத்தை 1995 கிறிஸ்துமஸ் அன்று தொடங்கியது. அதை நடத்திய மூன்று கணினிகளுக்கு ரபேல், மிக்கேல், கபிரியேல் என்று பெயர். நமக்கு அதிதூதர்கள் வேண்டாம். வாரம் அரை மணி நேரம் ஒதுக்கும் ஒருவர் போதும்.

எல்லோரும் முதலில் கேட்பது டிசைன். எந்த கலர், எந்தப் படம், மேலே எழுத்து ஓடுமா. ஆனால் தளத்துக்கு வருகிறவர் தேடுவது வேறு. ஞாயிறு பூசை எத்தனை மணிக்கு, ஓலை வாசிக்க என்ன ஆவணம் வேண்டும், திருமுழுக்குச் சான்றிதழுக்கு ஆபீஸ் எப்போது திறந்திருக்கும். எண்ணூர் பக்கம் ஷிப்ட் முடித்து பஸ்ஸில் வருகிறவர் போனில்தான் பார்ப்பார். முதல் திரையில் நேரமும் போன் நம்பரும் இல்லையென்றால் மூடிவிடுவார்.

அறிவிப்பைப் போஸ்டர் படமாகப் போடாதீர்கள். தேடினால் கிடைக்காது, பார்வையற்றவர்களின் போன் அதை வாசிப்பதும் கடினம். பழைய மடல்களை ஏற்றுவது தனித் தலைவலி. பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்ததை அப்படியே ஒட்டினால் கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்துகள் வரும். யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை கண்ணால் படித்துவிட்டுத்தான் போட வேண்டும்.

2023 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். மிக்ஜாம் புயல், கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய், 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியாக் கசிவு. அப்படிப்பட்ட வாரத்தில் ஆராதனை உண்டா, ஹால் திறந்திருக்கிறதா, யாருக்குப் போன் செய்வது என்ற மூன்று வரியை மக்கள் நம்ப வேண்டும். போன வருட ஈஸ்டர் வாழ்த்து இன்னும் தொங்கும் தளத்தை அன்றைக்கு யார் நம்புவார்கள்?

அது பழசாகித் தொங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் சோம்பல் இல்லை, சாவி. ஆர்வமுள்ள தம்பி ஒருவர் தன் மெயிலில், தன் கார்டில் டொமைன் வாங்குவார். வேலை கிடைத்துப் பெங்களூரு போவார். ஓடிபி அவர் நம்பருக்குப் போகும். பங்குத்தந்தையும் மாறுதலாகிப் போயிருப்பார். டொமைனை அதிகபட்சம் 10 ஆண்டுக்குத்தான் பதிய முடியும், சொந்தமாக வாங்க முடியாது. புதுப்பிக்காமல் விட்டால் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். சூதாட்டக்காரர்கள் இதற்காகவே காத்திருக்கிறார்கள். பதிவு சர்ச்சின் பெயரிலும், மெயில் ஆபீஸ் மெயிலாகவும் இருக்கட்டும். பாஸ்வேர்டு இரண்டு பேரிடம் இருக்கட்டும். புதுப்பிக்கும் தேதியைப் பங்குப் பேரவையின் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுங்கள். கூகுள் மேப்ஸில் இருக்கும் சர்ச் பக்கத்துக்கும் இதே விதிதான். பாதிப் பேர் தளத்துக்கே வராமல் அங்குதான் நேரம் பார்க்கிறார்கள்.

புதுநன்மை வாங்கும் பிள்ளைகளின் படங்களைப் பெயரோடு போடாதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர் விஷயத்தில் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்டுவிட்டுப் போடுவதுதான் மரியாதை.

காணிக்கைக்கு க்யூஆர் போடும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிவிட்ட நம் ஊர்ப் பிள்ளை ஆயிரம் ரூபாய் அனுப்பினாலும் அது வெளிநாட்டுப் பணம். எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாமல் வாங்க முடியாது. பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்குப் பிறகு, புதுடெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டோடு துபாயில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. தளத்தில் ஒரு பட்டனை வைப்பது ஐந்து நிமிட வேலை, இதை விசாரிக்க ஒரு மாதம் ஆகும்.

நம் சங்கத்தின் தளத்துக்கு நான் கேட்பது இவ்வளவுதான்: சங்கத்தின் பெயரில் ஒரு மெயில், பொறுப்பேற்க இரண்டு பேர். ஒருவர் ஏ பிளாக் என்றால் மற்றவர் வேறு பிளாக்கில் இருக்கட்டும். பெயர்களை இந்த மாதத்துக்குள் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். கலரைப் பிறகு பேசலாம்.