ஒரு புதரில் எஞ்சிய இனம்

குச்சிப்பூச்சியை நம் கிராமத்துப் பிள்ளைகள் அறிவார்கள். வேலியோரத்தில் காய்ந்த சுள்ளிபோல் கிடந்து, தொட்டதும் நடக்கத் தொடங்கும் பிராணி அது. அதன் இனத்தைச் சேர்ந்த ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். ஆனால் இதைக் கண்டு சுள்ளியென்று எவரும் ஏமாறமாட்டார்கள். 15 சென்டிமீட்டர் வரை நீளம், விரற்பருமன், சிறகற்ற கரிய உடல். மரத்துச் சிங்கி இறால் என்றே அதை அழைப்பதுண்டு.

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் உள்ள லார்ட் ஹோவ் தீவே அதன் தாயகம். தூண்டிலில் இரையாகக் கோப்பதற்கு எடுத்துச் செல்லும் அளவுக்கு அது அங்கே மலிந்திருந்தது. 1918ஆம் ஆண்டு ஜூன் மாதம் மகாம்போ என்னும் கப்பல் அத்தீவில் தரைதட்டிற்று. கப்பலிலிருந்த எலிகள் கரையேறின. 1920ஆம் ஆண்டளவில் பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எலியை நொந்து பயனில்லை. அது தன் பசியைத் தீர்த்துக்கொண்டது.

தீவிலிருந்து 20 கிலோமீட்டருக்கு அப்பால், கடலினின்று செங்குத்தாக 550 மீட்டருக்கு மேல் எழும் பால்ஸ் பிரமிட் என்ற பாறை நிற்கிறது. 1964இல் அதில் ஏறச் சென்றவர்கள் இப்பூச்சியின் உயிரற்ற உடலொன்றைக் கண்டனர். உயிருள்ளதைக் காண 2001 வரை காத்திருக்க நேர்ந்தது. காரணம் எளிது: வளர்ந்த பூச்சி பகலில் ஒளிந்து, இரவில் மட்டுமே மேய வரும். பகலில் எச்சத்தைப் பார்த்த ஆய்வாளர்கள், ஆபத்தையும் பொருட்படுத்தாது இருட்டியபின் விளக்குடன் மீண்டும் ஏறினர். மெலலூக்கா என்னும் ஒரே புதரைப் பற்றி 24 பூச்சிகளே வாழ்ந்திருந்தன. ஒரு பாறைச்சரிவு போதும், ஓர் இனம் முடிந்துவிட!

2003இல் இரண்டு இணைகளை மட்டும் எடுத்துவர முடிவு செய்தார்கள். ஓர் இணை விரைவில் மாண்டது. மெல்போர்ன் விலங்குக்காட்சிச் சாலைக்குச் சென்ற மற்ற இணையில் பெண் நோயுற்றுச் சுருண்டது. காப்பாளர் சுண்ணச்சத்தும் தேன்போன்ற இனிப்பும் கலந்த நீரைச் சொட்டுச் சொட்டாக அதன் வாயில் விட்டார். அது பிழைத்தது, முட்டையிட்டது. பொரிந்த குஞ்சுகள் இளம்பச்சை. அவை பகலில் திரியும். வளர வளரக் கறுத்து இரவுக்குரியவையாகும். ஆண், தன் கால்களைப் பெண்ணின்மீது போட்டுக்கொண்டு உறங்குவதையும் அங்கே கண்டார்கள். ஆணே இல்லாவிடினும் பெண் இடும் முட்டைகள் பொரிவதுண்டு என்பது மற்றொரு விந்தை.

பழைய தீவுப் பூச்சியும் இதுவும் ஒன்றுதானா என்ற ஐயத்தை, அருங்காட்சியகப் பூச்சிகளின் மரபணுவோடு ஒப்பிட்டு 2017இல் தீர்த்தார்கள். 2019இல் தீவெங்கும் எலி ஒழிப்பு நடந்தது. 2021இல் மறுபடி எலி தென்பட்டது. வேட்டை மீண்டும் தொடங்கிற்று.